காரணம் எழுதும் இடம்

…இல்லை, அந்த இடத்தை வெறுமனே விட்டிருக்கலாம், ஒரு கோடு மட்டும் இழுத்துவிட்டு அடுத்த வரிக்குப் போயிருக்கலாம், யார் கேட்கப் போகிறார்கள், கேட்டால் அச்சு சரியாக விழவில்லை என்று சொல்லியிருக்கலாம், மெஷின் பழசு என்று ஊருக்கே தெரியும்… ஆனால் நேற்று சாயங்காலமே அடித்தாயிற்று, இரண்டு பிரதி எடுத்து நீல ஃபைலுக்குள் வைத்தாயிற்று, இனி நினைத்து என்ன பிரயோஜனம். செகரட்டரி ஃபைலை மடியில் குப்புறப் போட்டுக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இருபத்துநான்கு வீட்டுக் குடியிருப்பின் சங்கத்துக்குப் பதினான்கு வருஷமாக அவர்தான் செயலாளர், அதனால் சொந்தப் பெயர் எங்கேயோ காணாமல் போய்விட்டது, பெண்டாட்டிகூட போனை எடுத்தால் செகரட்டரி குளிக்கிறாருங்க என்றுதான் சொல்கிறாள். மாதக் கடைசி ஞாயிறு, காலை பத்து மணி, கீழ்த்தளக் கூடம், வலையில்லாத டேபிள் டென்னிஸ் மேஜையின் மேல் பழைய பேப்பர்க் கட்டுகள், ஆட்கள் ஒவ்வொருவராக வந்து நாற்காலியின் தூசியைக் கையால் தட்டி உட்காருகிறார்கள். கூட்டம் இன்னும் ஆரம்பிக்கவில்லை, ஆனால் கூட்டத்தில் என்ன நடந்தது என்பது அவர் மடியில் டைப் அடித்துக் கிடக்கிறது.

அது அவருடைய வழக்கம், யாருக்கும் தெரியாது, தெரிந்தாலும் யாருக்கும் ஒன்றும் இல்லை. முதல் வருஷம் ஒழுங்காகக் கூட்டம் முடிந்தபிறகு உட்கார்ந்து குறிப்பு எழுதினார், பிறகுதான் உறைத்தது, எதற்கு இந்த வேலை, என்ன முடிவாகும் என்று முந்தின நாளே தெரிகிறதே, யார் முன்மொழிவார் யார் வழிமொழிவார் என்பதுகூட வீட்டு நம்பர் வரிசைப்படி போகிறதே… அன்றிலிருந்து சனிக்கிழமை சாயங்காலமே நடவடிக்கைக் குறிப்பு முழுதும் அடித்துவிடுவார், தீர்மானம் ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது என்பது வரை. ஒரு தடவைகூடத் திருத்தி அடிக்க நேர்ந்ததில்லை. தலைவர் ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர், தேன் ஒழுகும் குரல், யாருக்காவது வேற கருத்து இருக்காப்பா என்று கேட்பார், கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, திரும்பப் போட்டுக்கொள்வார், அவ்வளவுதான் அவகாசம். ஒரே ஒரு முறை ஐந்தாம் நம்பர் எலக்ட்ரீஷியன் அந்த நேரம் பார்த்து இருமிவிட்டார், மொத்தக் கூடமும் திரும்பிப் பார்த்தது, பாவம் மனுஷன் எழுந்து நின்று, தூசிங்க, தூசி, வேற ஒண்ணுமில்ல என்று கையெடுத்துக் கும்பிடாத குறை. யாரும் அவரைத் திட்டவில்லை, திரும்பிப் பார்த்தார்கள், அவ்வளவே.

இன்றைக்கு மூன்று பொருள். ஒன்று, தண்ணீர்த் தொட்டி கழுவுவது. இரண்டு, மொட்டை மாடிப் பூட்டின் சாவி யாரிடம் இருப்பது. மூன்று… மூன்றாவதைத் திரும்பப் படிக்கவேண்டிய அவசியமே இல்லை, நேற்று டைப் அடித்த விரல்களுக்கே மனப்பாடம். வீட்டு எண் பதினொன்றில் முப்பது நாளுக்கு மேல் தங்கியுள்ள விருந்தினர், செயலாளரின் தங்கை, தொடர்ந்து தங்க அனுமதி. காரணம்: கணவரின் கொடுமை. அந்தக் கட்டத்தை விதியில் சேர்த்ததே அவர்தான், அதுதான் தமாஷ். ஆறு வருஷத்துக்கு முன் ஒன்பதாம் நம்பரின் மச்சான் என்று ஒருத்தன் வந்து ஏழு மாதம் படுத்துக்கொண்டான், காலங்கார்த்தாலே டிரம்பட் ஊதுவான், அவனைக் கிளப்பத்தான் இந்த விதி, முப்பது நாளுக்கு மேல் விருந்தாளி இருந்தால் பொதுக்குழு அனுமதி வேண்டும், காரணம் பதிவு செய்யப்பட வேண்டும். காரணம் என்று ஒரு கட்டம் போடுங்க சார், அப்பதான் ஒரு ஒழுங்கா இருக்கும் என்று தலைவரிடம் சொல்லிப் பாராட்டு வாங்கியவர் இதே செகரட்டரிதான். டிரம்பட்காரன் ஒரு வாரத்தில் போய்விட்டான், கட்டம் மட்டும் இருந்துகொண்டது.

கடைசி வரிசையில், பேப்பர்க் கட்டுகளுக்குப் பக்கத்தில் பாப்பா உட்கார்ந்திருக்கிறாள். முப்பத்தெட்டு வயசு, அவருக்கு இன்னும் பாப்பாதான். அவளை வரச் சொன்னது தலைவர், தங்கச்சியையும் கூட்டிட்டு வாங்க, நாங்க எல்லாரும் இருக்கோம்னு அந்தப் பொண்ணுக்குத் தெரியணும் என்றார், அதற்கு எப்படி வேண்டாம் என்பது. பாப்பாவிடம் அவர், சும்மா ஒரு அனுமதிதான், வந்து உட்கார்ந்தா போதும் என்று மட்டும் சொல்லியிருந்தார். கட்டத்தில் என்ன அடித்திருக்கிறது என்று சொல்லவில்லை. சொல்லலாம், சாப்பிட்டபிறகு சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம், படியில் இறங்கும்போது சொல்லலாம் என்று தள்ளித் தள்ளி, இதோ, இங்கே வந்து உட்கார்ந்தாயிற்று, முழுக்கை ரவிக்கையில், கையைக் கட்டிக்கொண்டு, யாரைப் பார்த்தாலும் சிரிக்கிறாள். தலைவர் படிக்காமல் விட்டுவிட்டால்? சில சமயம் நேரமாகிவிட்டால் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போவார்… கடவுளே, இன்றைக்கு அவருக்கு ஏதாவது அவசர ஜோலி இருக்கக் கூடாதா.

ஐம்பத்துநான்கு நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை மத்தியானம், ஒரு பெட்டியும் ஒரு குடையுமாக வந்தாள். செகரட்டரிக்கு அன்று தலைவலி, ஆபீசுக்குப் போகவில்லை, கதவைத் திறந்தது அவர்தான். என்னம்மா ஆச்சு என்றார். ஒண்ணும் ஆகலண்ணா என்றாள். தண்ணீர் குடித்தாள், முகம் கழுவினாள், மறுநாள் காலை ஆறு மணிக்கு வழக்கம்போல ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு வேலைக்குப் போனாள், பதினைந்து வருஷமாக ரத்தம் எடுக்கிற வேலை, ஊசி ஏறியதே தெரியாது என்று கிழவர்களெல்லாம் அவள் வருகிற நேரம் பார்த்து வருவார்கள். அவர் காத்திருந்தார், தானாகச் சொல்வாள், நாலு நாள் போகட்டும் என்று. ஐந்தாம் நாள் அவரே கேட்டார், மாப்பிள்ளை ஏதாவது சொன்னாரா, குடிக்கிறாரா, வேற ஏதாவது… வேற யாராவது… என்று மென்று விழுங்கிக் கேட்டார். அவள் யோசித்துத்தான் பதில் சொன்னாள், கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. அவர் நல்லவர்ண்ணா. அவர் மேல ஒரு தப்பும் இல்ல. அந்த வீட்டுல நான் காலையில கண்ணு முழிச்சா வேற யாரோ ஒருத்தி மாதிரி எழுந்திரிக்கறேன், அவ சமைக்கிறா, அவ பேசறா, ராத்திரி வரைக்கும் அவதான் இருக்கா. எனக்கு அங்க இருக்க முடியல. அவ்வளவுதான். அவ்வளவுதான் என்றால் எவ்வளவு? செகரட்டரிக்கு அந்த வாக்கியத்தை எந்தக் கட்டத்தில் போடுவது என்று தெரியவில்லை.

பெண்டாட்டிக்கும் தெரியவில்லை. ஒண்ணுமில்லாமலா ஒருத்தி பதினாறு வருஷ வீட்டை விட்டுட்டு வருவா, உங்ககிட்ட சொல்லக் கூச்சப்படறா, நான் பக்குவமாக் கேட்டுப் பாக்கறேன் என்று சமையலறையில் வைத்து நாத்தனாரைப் பக்குவமாகக் கேட்டாள், காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள், தலை வாரிவிட்டுக்கொண்டே கேட்டாள், கடைசியில் அவரிடம் வந்து, நெஜமாவே ஒண்ணுமில்லையாங்க என்றாள், ஏதோ திருட்டுப் போனதைச் சொல்வதுபோல. கொஞ்ச நேரம் பாத்திரம் கழுவினாள். பிறகு முதுகைக் காட்டியபடியே, பிடிக்கலன்னு கிளம்பிடலாம்னா அப்புறம் எல்லாரும் கிளம்பிடலாமே என்றாள். அது கேள்வியா, கோபமா, அவளுக்கு அவளே சொல்லிக்கொண்டதா… குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, அவள் கழுவி முடித்த தட்டையே திரும்பக் கழுவினாள். அவர் ஏதோ கேட்க வாயெடுத்தார், பயமாக இருந்தது, பேப்பரை எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்துவிட்டார். இருபத்தாறு வருஷம் ஆகிறது அவர்களுக்குக் கல்யாணமாகி, என்ன கேட்டிருப்பார் அவர், கேட்டு என்ன பதில் வந்தால் என்ன செய்திருப்பார்?

குடியிருப்பில் யாரும் கெட்டவர்கள் இல்லை. அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும், வாய் கூசாமல் சொல்லலாம், போன வருஷம் அவர் கால் சுளுக்கியபோது பல் டாக்டர்தான் முதுகில் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறினார். அவர்கள் விசாரித்தார்கள், அவ்வளவுதான். தங்கச்சி வந்திருக்காப்ல. எத்தனை நாளு? மாப்பிள்ளை வெளியூரா? உடம்பு கிடம்பு சரியில்லையா? ஒவ்வொருவரும் ஒருமுறைதான் கேட்டார்கள், இருபத்துமூன்று வீடு, இருபத்துமூன்று முறை. இவர் சும்மாதான் வந்திருக்கா என்று சிரித்து மழுப்ப மழுப்ப, லிஃப்டில் பேச்சு குறைந்தது. பாப்பா ரத்தம் எடுக்கிறவள் என்று தெரிந்து முன்பெல்லாம் அவள் விருந்துக்கு வந்தால் அக்கா எங்க மாமியாருக்குக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க என்று வருவார்கள், இப்போது ஒருவரும் வரவில்லை. பெண்டாட்டி சாயங்காலம் ஆறு மணிக்குப் பெண்களோடு நடக்கப் போவாள், ஒன்பது வருஷப் பழக்கம். ஒருநாள் இறங்கிப் போனால் ஆளில்லை, மறுநாளும் இல்லை. கேட்டால், நீங்க வரமாட்டீங்கன்னு நெனச்சோம் என்றார்களாம். என்னை ஒண்ணும் சொல்லலைங்க, அஞ்சு நிமிஷம் முன்னாடியே கிளம்பிட்டாங்க, அவ்வளவுதான் என்று செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குத்தான் அவருக்கு முதல்முறையாகப் பாப்பாவின் மேல் கோபம் வந்தது. ஒரு காரணம் சொல்லித் தொலைக்கக்கூடாதா, ஒரு சின்னக் காரணம்.

டீ வந்துவிட்டது. பதினேழாம் நம்பர் அம்மாதான் கூட்டத்துக்கு டீ கொடுப்பது, பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய மனசு, தட்டை நீட்டி, செகரட்டரி சார், உங்களுது அந்த ஓரத்துல இருக்கறது, சர்க்கரை போடலை என்றார். ஒவ்வொரு மாதமும் மறக்காமல் தனியாக ஒரு டம்ளர். அவருக்குச் சர்க்கரை வியாதியே கிடையாது. பதினோரு வருஷத்துக்கு முன் ஆபீஸ் விட்டு நேர் வழியில் வராமல் பள்ளிக்கூடம், ரயில்வே கேட் என்று சுற்றிக்கொண்டு நடந்து வருவார், ஒன்றுமில்லை, அப்படி வரப் பிடித்திருந்தது. என்ன சார் சுத்தி வர்றீங்க? யாரையாவது பாக்கப் போறீங்களா? வீட்டுல ஏதாவதா? ஒருநாள் பொறுக்கமாட்டாமல், சுகர் சார், டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரு என்று சொல்லித் தொலைத்தார். அப்பாடா என்று இருந்தது எல்லாருக்கும். அதன்பிறகு அவர் சுற்றி வந்தால் சபாஷ் என்றார்கள், கூடவே நடக்க இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள், எங்கே போனாலும் சர்க்கரையில்லாத டீ, ஆபீசில், கல்யாண வீட்டில், கடைசியில் வீட்டிலும். கூட வந்தவர்கள் பேசிக்கொண்டே வந்ததில் அந்த வழி சலித்துப்போய் நடையை நிறுத்தியே எட்டு வருஷமாகிறது, டீ மட்டும் நிற்கவில்லை. பாப்பாதான் ஒருதரம் விளையாட்டாக அவர் ரத்தத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, அண்ணா, உனக்குச் சுகரே இல்லையே என்றாள். தெரியும் என்றார். அப்புறம் ஏன் இந்தக் கண்றாவியக் குடிக்கற? எல்லாரும் அன்பாக் குடுக்கறாங்க பாப்பா. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வர, அவரும் சிரித்தார், அண்ணனும் தங்கையும் அப்படிச் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசியோ என்னவோ. ஒரு வாய் குடித்தார், கசந்தது.

முதல் பொருள் முடிந்துவிட்டது போலிருக்கிறது, தொட்டி கழுவ ஆள் சொல்லியாயிற்று, தலைவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்… நான் சொல்லவில்லையே, செகரட்டரி தனக்குள் சொல்லிக்கொண்டார், வாயால் ஒரு வார்த்தை சொல்லவில்லையே. மூன்று வாரத்துக்கு முன், இரண்டாவது மாடித் திருப்பம், லிஃப்ட் ரிப்பேர், கையில் தண்ணீர் கேன், மூச்சு வாங்குகிறது, எதிரே தலைவர் இறங்கி வருகிறார். நின்றார், தோளில் கை வைத்தார், குரலைத் தாழ்த்தி, செகரட்டரி, எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா, மறைக்காதீங்க, அடிச்சானா? என்றார். எவ்வளவு கனிவு அந்தக் குரலில், ஒரு மனுஷன் அப்படிக் கேட்டால் இல்லை என்று எப்படி ஏமாற்றுவது! தலை கீழே இறங்கியது. மூச்சு வாங்கியதால் இறங்கியது என்றும் சொல்லலாம், கேன் கனத்தால் என்றும் சொல்லலாம், எத்தனையோ நாள் உட்கார்ந்து யோசித்துவிட்டார், எந்தக் கோர்ட்டிலும் அது ஆமாம் ஆகாது. ஆனால் தலைவர் உச்சுக்கொட்டினார், தோளை அழுத்திவிட்டுப் போனார், கேனைத் திரும்பத் தூக்கியபோது அது இலேசாக இருந்தது, அதை மட்டும் அவரால் மறுக்க முடியாது.

அன்று சாயங்காலமே ஆறு மணிக்குப் பெண்கள் வாசலில் காத்திருந்தார்கள், பெண்டாட்டி வருகிறவரை. பதினேழாம் நம்பர் அம்மா ஏதோ தைலம் கொண்டுவந்து பாப்பாவின் கையில் வைத்து மூடினார். வேலைக்காகத்தான் அவள் எப்போதும் முழுக்கை போடுவது, அந்தக் கையைத்தான் எல்லாரும் பார்த்தார்கள், பார்த்துவிட்டுக் கண்ணைத் திருப்பிக்கொண்டார்கள். மாமியாருக்கு ரத்தம் எடுக்கத் திரும்பக் கூப்பிட்டார்கள், எடுத்தால் சும்மா விடாமல் பழம் கொடுத்தார்கள். அண்ணா, இங்க எல்லாரும் எவ்வளவு நல்லவங்க என்றாள் பாப்பா ஒருநாள், ஒண்ணுமே கேக்காம எப்படி ஏத்துக்கிட்டாங்க பாரு, நான்தான் என்னென்னவோ பயந்தேன். முகம் தெளிந்திருந்தது, வந்த நாளிலிருந்து அன்றுதான் ஒழுங்காகச் சாப்பிட்டாள். அந்த முகத்தைப் பார்த்து எவன் உண்மையைச் சொல்வான்? சொல்லு, எவன் சொல்வான்?

மாப்பிள்ளை வந்ததும் அந்த வாரத்தில்தான். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர், ஒல்லி, யாரைப் பார்த்தாலும் முதலில் ஒதுங்கி வழி விடுகிற ஆள், கையில் ஒரு துணிப்பை. பாப்பா வேலைக்குப் போயிருந்தாள். செகரட்டரி மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து பார்த்தார், வாட்ச்மேன் கையை நீட்டி மறிக்கிறான், கீழ்வீட்டு ஆள் ஒருத்தர் வருகிறார், பல் டாக்டர் வருகிறார், பல் டாக்டர் மாப்பிள்ளையின் சட்டையைக் கொத்தாகப் பிடிக்கிறார், அந்த நல்ல மனுஷன், இவரை முதுகில் சுமந்த மனுஷன்! மாப்பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை என்பது மேலிருந்தே தெரிந்தது, எதிர்த்து ஒரு கையைக்கூடத் தூக்கவில்லை, பையை மட்டும் விழாமல் பிடித்துக்கொண்டிருந்தார். இறங்கிப் போகவேண்டும், விடுங்க, அவர் அப்படிப்பட்டவர் இல்ல என்று சொல்லவேண்டும், மூன்று மாடி, அறுபது படி. ஜன்னல் திரையைக் கொஞ்சம் இழுத்துவிட்டார். மாப்பிள்ளை பையைத் தரையில் வைத்துவிட்டுப் போனார், சட்டையைச் சரிசெய்துகொண்டு, ஒருமுறை திரும்பி, ஏதோ விலாசம் தப்பிவிட்டதுபோல் கட்டடத்தைப் பார்த்துவிட்டு. பையில் பாப்பாவின் வேலைச் செருப்பும், புதிதாக லென்ஸ் மாற்றிய கண்ணாடியும் இருந்தன. மேல வரலையா என்றாள் வேலையிலிருந்து திரும்பிய பாப்பா. அவசரமாம் என்றார். அப்படியா என்று கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாள், நல்லாத் தெரியுதுண்ணா என்றாள்.

மூன்றாவது பொருள். தலைவர் எழுந்தே நின்றுவிட்டார், போச்சு, எந்த அவசர ஜோலியும் இல்லை மனுஷனுக்கு, கையை நீட்டினார், செகரட்டரி ஃபைலைத் திறந்து தாளைக் கொடுத்தார், தன் கை எப்படி இவ்வளவு ஒழுங்காகக் கொடுக்கிறது என்று ஆச்சரியமாக இருந்தது. நம்ம வீட்டுப் பொண்ணு என்று ஆரம்பித்தார் தலைவர், எந்த வீட்டிலும் நடக்கக்கூடாதது என்றார், பிறகு படித்தார், விருந்தினர், செயலாளரின் தங்கை, காரணம், கணவரின் கொடுமை. செகரட்டரி டேபிள் டென்னிஸ் மேஜையின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு காலுக்கு அடியில் அட்டை மடித்து வைத்திருக்கிறது. நாற்காலி நகரும் சத்தம். சார், ஒரு நிமிஷம் என்றாள் பாப்பா, யாரு கொடுமை பண்ணாங்க?

தலைவர் தாளிலிருந்து நிமிர்ந்தார். அவர் என் மேல கை வச்சதே இல்லையே சார் என்றாள் அவள், தப்பான நோயாளியின் பெயரை யாரோ எழுதிவிட்டதைத் திருத்துகிற மாதிரி, சாதாரணமாக. தலைவர் கனிவாகத்தான் கேட்டார், அப்போ ஏம்மா வந்தே? எனக்கு அங்க இருக்க முடியல சார். அதாம்மா, ஏன்? அவள் வாயைத் திறந்தாள், சுற்றிலும் பார்த்தாள், அத்தனை பேரும் அவளுக்காகக் கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள், ஏதாவது சொல்லிவிடேன் என்று கெஞ்சுகிற முகங்கள், ஒருவர்கூட விரோதி இல்லை. காரணம்னு ஒண்ணும் இல்ல சார் என்றாள். அப்போதுதான் பின்னால் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது, பல் டாக்டர், அப்போ அந்த ஆளை நான்… என்றார், முடிக்கவில்லை, முகம் வெளுத்துவிட்டது. ஒரு முணுமுணுப்பு கிளம்பியது, யாரு சொன்னது, யாரோ சொன்னாங்களே, தலைவரே சொன்னாரே… தலைவர் மெதுவாகத் திரும்பினார், கூடம் முழுதும் திரும்பியது. செகரட்டரி, நீங்க சொல்லுங்க.

இப்போது சொல்லலாம், இதுதான் நேரம், என் மேல்தான் தப்பு, நான்தான்… எழுந்து நின்றுவிட்டார், வாயும் திறந்துவிட்டது. சொன்னால் என்ன ஆகும், பல் டாக்டர் இனி எந்த முகத்தோடு எதிரே வருவார், தலைவர் என்ன ஆவார், பெண்டாட்டி ஆறு மணிக்கு யாரோடு நடப்பாள், பாப்பா எங்கே போவாள், காரணமில்லாதவளுக்கு எந்த வீட்டில் இடம்… முன்வரிசையில் பெண்டாட்டி முந்தானையை முறுக்கிக்கொண்டு அவரையே பார்க்கிறாள். பயத்துல சொல்றா சார் என்றது அவர் குரல். இன்னும் பயம் போகல அவளுக்கு.

மொத்தக் கூடமும் மூச்சு விட்டது. அதைக் காதால் கேட்க முடிந்தது. ஐயோ பாவமே என்றார் பதினேழாம் நம்பர் அம்மா, எழுந்து போய்ப் பாப்பாவை அப்படியே சேர்த்து அணைத்துக்கொண்டார், பாப்பா இல்லம்மா, இல்ல என்று ஏதோ சொன்னது அந்தத் தோளுக்குள்ளேயே அமுங்கிப்போயிற்று, எப்படி நடுங்குது பாருங்க குழந்தை என்றார் அந்த அம்மா. பல் டாக்டர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். யாருக்காவது வேற கருத்து இருக்காப்பா? தலைவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டுக்கொண்டார். பாப்பா உறுப்பினர் இல்லை, விருந்தினர், அவள் சொன்னது குறிப்பில் ஏறாது, சட்டப்படி எல்லாம் சரி. செகரட்டரி தாளை வாங்கிக்கொண்டு வரிசையாகக் கையெழுத்து வாங்கப் போனார், பேனா ஒவ்வொரு கையாக மாறியது, ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் கையை ஒருமுறை அழுத்தினார்கள்.

பெண்கள் பாப்பாவைச் சுற்றி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். அவள் யாரோ கொடுத்த டீயைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினேழாம் நம்பர் அம்மா அவள் முதுகைத் தடவிக்கொண்டே, எங்கம்மா அடிச்சான், எங்ககிட்ட என்ன வெக்கம், சொல்லிட்டா பாரம் குறையும் என்றார். செகரட்டரி இரண்டு நாற்காலி தள்ளி எலக்ட்ரீஷியனிடம் கையெழுத்து போடுகிற இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தார், காது மட்டும் அங்கே. பாப்பா நிமிர்ந்து, அந்தப் புதுக் கண்ணாடி வழியாக, அண்ணனைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. நெடுநேரம் பார்த்தாள், பார்த்துக்கொண்டே, முதுகுல என்றாள். பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். கொஞ்சம் பொறுத்து, பெல்ட்டால என்றாள், அந்தச் சின்னக் குரலில், எப்பவும் இல்ல, மழைக்காலத்துல வேலை கம்மியா இருக்கறப்ப. யாரோ விசும்பினார்கள். செகரட்டரிக்கு, படுபாவி என்று கொதித்துக்கொண்டு வந்தது, அந்த ஒல்லிப்பயல், ஒதுங்கி ஒதுங்கி வழிவிடுகிறவன், பதினாறு வருஷம் இவளைப் போட்டு… மழைக்காலத்தில்… அவர் கால்கள் தன்னால் இரண்டு எட்டு அவளை நோக்கி நடந்துவிட்டன, ஏன் பாப்பா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது, அப்புறம்தான் நின்றார். பாப்பா இன்னும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஒரு நிமிஷம் அவர் அதை நம்பிவிட்டார் என்பதைப் பார்த்துவிட்டாள்.